மாத்திரையை நானாக நிறுத்தியபோது

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை, 10 மில்லிகிராம், நான்கு மாதமாக. அழுகை நின்றது உண்மைதான். ஆனால் காலையில் குமட்டல், பகலெல்லாம் கொட்டாவி, இரவில் வியர்வை. டாக்டரிடம் சொன்னால் “பழகிடும்” என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். போன மாதம் வெறுத்துப்போய் நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைக்குள் சுருக் சுருக்கென்று கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. பயந்தே போனேன். தயவுசெய்து யாரும் அப்படிச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

அப்புறம் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416க்கு போன் செய்தேன். இலவசம், தமிழிலேயே பேசினார்கள். இப்போது வேறொரு மனநல மருத்துவர். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். தாம்பத்தியத்தில் நாட்டமே போய்விட்டதை அவரிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அதுவும் இந்த மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாமாம். அதே மாத்திரையை மறுபடி தொடங்கவைத்து, அளவை மெல்லக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றுகிறார்.

இன்று காலை குமட்டல் இல்லாமல் மூன்று இட்லி சாப்பிட்டேன்.