ஆர்க்டிக் கேள்வி வந்தா எப்படி எழுதலாம் – நான் படிச்ச விதம்

யுபிஎஸ்சி மெயின்ஸ் எழுதப் போற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் கேக்குறாங்க, துருவப் பகுதி டாபிக்க எங்க இருந்து ஆரம்பிக்கிறது, எவ்வளவு படிச்சா போதும்னு. எனக்கு ஜியாகிரபிதான் ஆப்ஷனல் (விருப்பப் பாடம்), ஜிஎஸ் ஒன்னுக்கும் (பொது அறிவு முதல் தாள்) சேத்தே இத படிச்சேன், எனக்கு கை குடுத்த முறைய அப்படியே எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல பழைய கேள்வித்தாள எடுத்து வைங்க. 2015ல ஆர்க்டிக் கடல்ல எண்ணெய் கண்டுபிடிச்சதோட பொருளாதார முக்கியத்துவமும் சுற்றுச்சூழல் விளைவும் கேட்டாங்க. 2017ல கிரையோஸ்பியர், அதாவது பூமியில பனியா உறைஞ்சு கிடக்குற பகுதி, உலக காலநிலைய எப்படி பாதிக்குதுன்னு வந்துச்சு. 2018ல இந்தியா ஏன் ஆர்க்டிக் மேல ஆர்வம் காட்டுது. 2021ல ஆர்க்டிக் பனி உருகுறதும் அண்டார்டிக் பனியாறு உருகுறதும் வானிலையையும் மனுஷங்க வேலையையும் எப்படி வேற வேற மாதிரி பாதிக்குதுன்னு. நாலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, சுத்தி சுத்தி ஒரே விஷயத்தத்தான் கேக்குறாங்க. இயற்கை மாறுது, அதனால அங்க பொழைக்கிற வழி மாறுது, அப்ப அந்த ஊருக்கு என்ன ஆகுது.

இதுக்கு பெரும்பாலும் எல்லாரும் எழுதுற பதில் ஒன்னு இருக்கு. பனி உருகுது, கப்பல் பாதை திறக்குது, எண்ணெய் எரிவாயு கிடைக்கும், ஆனா பனிக்கரடிக்கு ஆபத்து. ஒரு பக்கம் லாபம், ஒரு பக்கம் நஷ்டம்னு ரெண்டு காலம் (column) போட்டு முடிச்சிடுறாங்க. நான் திரும்ப திரும்ப சொல்றது என்னன்னா, லாபமும் நஷ்டமும் தனித்தனியா நடக்கல, ஒரே ஊர்ல, ஒரே வருஷத்துல, ஒன்னால இன்னொன்னு நடக்குது. பனி உருகுறதால ஒரு வழி திறக்குதுன்னா அதே உருகலால இன்னொரு வழி அடைபடுது. இத ஒரு உதாரணத்தோட காட்டிட்டீங்கன்னா உங்க பேப்பர் தனியா தெரியும்.

அலாஸ்காவ எடுத்துக்கோங்க. வட அலாஸ்காவுல எண்ணெய் வேலை நடக்குறதே குளிர்காலத்துலதான், ஏன்னா நிலம் கெட்டியா உறைஞ்சாத்தான் கனரக வண்டிய டன்ட்ரா (மரமில்லாத துருவச் சமவெளி) மேல ஓட்ட அனுமதி, ஐஸ்லயே ரோடு போட்டுத்தான் ரிக்க (எண்ணெய்க் கிணறு தோண்டுற இயந்திரம்) கொண்டு போவாங்க. 1970கள்ல வருஷத்துக்கு 200 நாளுக்கு மேல அப்படி வேலை பாக்க முடிஞ்சது, 2000கள் ஆரம்பத்துலயே அது கிட்டத்தட்ட 100 நாளா சுருங்கிப் போச்சு. கடல்ல பனி போறது எண்ணெய் கம்பெனிக்கு வசதி, தரையில போறது தலைவலி, ரெண்டும் ஒரே வெப்பத்தால.

அங்கயே ட்ரான்ஸ் அலாஸ்கா பைப்லைன் இருக்கு, 1977ல முடிச்சாங்க, நீளம் சுமார் 1,290 கிலோமீட்டர். அதுல பாதிக்கு மேல தரைக்கு மேல தூக்கி கால் மேல நிறுத்தியிருக்காங்க, ஏன்னா உள்ள ஓடுற எண்ணெய் சூடு, பொதைச்சா கீழ இருக்குற பெர்மாஃப்ராஸ்ட் (வருஷம் பூரா உறைஞ்சே கிடக்குற நிலம்) உருகி பைப்பே இறங்கிடும். அந்த கால்கள்ல பல இடத்துல ரெண்டு குழாய் சொருகியிருக்கும், உள்ள அம்மோனியா, அது கீழ இருக்குற சூட்ட எடுத்துட்டு ஆவியா மேல வரும், உச்சியில இருக்குற அலுமினிய தகடு வழியா காத்துல சூட்ட விட்டுட்டு திரும்ப திரவமா கீழ இறங்கும். கரண்ட் இல்ல, மோட்டார் இல்ல. இந்த ஒரு கால மட்டும் வரைஞ்சு பழகுங்க, நாலு கோடு போதும், பெர்மாஃப்ராஸ்ட்ல கட்டுமானம் ஏன் கஷ்டம்னு ஒரு பாராவுல சொல்ல வேண்டியத அந்தப் படமே சொல்லிடும்.

அடுத்தது ரஷ்யாவோட யமால் தீபகற்பம். இதுக்கு மட்டும் நல்லா டைம் குடுங்க, என் மனசுல இன்னிக்கும் நிக்கிற கேஸ் இதுதான். அங்க நேனெட்ஸ்னு ஒரு பழங்குடி மக்கள், ரெயின்டீர் (பனிமான்) மந்தைய ஓட்டிக்கிட்டு சீசனுக்கு சீசன் வடக்கும் தெற்கும் போய் வர்றவங்க. குளிர்காலத்துல அந்த மான் குளம்பால பனிய பறிச்சு அடியில இருக்குற லைக்கன (பாசி மாதிரி தரையில படர்றது) தின்னு உயிர் வாழும். 2013 நவம்பர்ல பனி மேல மழை பெஞ்சுச்சு, அப்புறம் குளிர் ஏறி அந்தத் தண்ணி தகடா உறைஞ்சு போச்சு. குளம்பால உடைக்க முடியாத ஐஸ். சாப்பாடு கால் அடியிலேயே இருக்கு, எட்டல. சுமார் 61,000 மான் பட்டினியில செத்துச்சு. பக்கத்துல இருக்குற பேரன்ட்ஸ், காரா கடல்கள்ல பனி லேட்டா உறையுறதால காத்துல ஈரம் கூடுறதோட இத ஆராய்ச்சியாளர்கள் இணைச்சுப் பாக்குறாங்க. 2016 கோடையில கடும் வெப்பம், உறைநிலம் இளகி ஆந்த்ராக்ஸ்ங்கிற கொடிய பாக்டீரியா நோய் கிளம்பி 2,000க்கு மேல மான் செத்துச்சு, 12 வயசு பையன் ஒருத்தனும் இறந்துட்டான்.

அதே தீபகற்பத்தோட கிழக்குக் கரையில சபெட்டா துறைமுகம். 2017 டிசம்பர்ல அங்க இருந்து யமால் எல்என்ஜி (திரவமாக்கின எரிவாயு) திட்டத்தோட முதல் லோடு கிளம்புச்சு, வருஷத்துக்கு 16.5 மில்லியன் டன் திறன்ல மூணு யூனிட், பிரான்ஸோட டோட்டலும் சீனா கம்பெனிகளும் பங்குதாரர். காரா கடல்ல பனி கொறையுறது கப்பல் போக உதவி, அதே காரா கடல்ல பனி கொறையுறது மான் சாக ஒரு காரணம். மந்தை போற வழியில பைப்பும் ரோடும் ரயிலும் குறுக்க வருது, அந்த ஊருக்கு வேலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வர்றதும் அந்த எரிவாயு காசுலதான். இதுக்கு மேல இந்த டாபிக்குக்கு ஒரு நல்ல உதாரணம் கிடைக்காது, ஒரு பக்கம் பூரா யமாலே எழுதினாலும் வீணில்ல.

சைபீரியாவுல இருக்குற சுரங்க நகரம் நோரில்ஸ்க் நிறைய பேருக்குத் தெரியும், சுருக்கமா சொல்றேன். 2020 மே 29, பவர் பிளான்ட் டீசல் டேங்க் உடைஞ்சு 20,000 டன்னுக்கு மேல கொட்டி அம்பர்னயா ஆறு செவப்பா மாறுச்சு. கம்பெனி பெர்மாஃப்ராஸ்ட் இளகுனதால தூண் இறங்குச்சுன்னு சொன்னாங்க, விசாரணையில கட்டுமானக் குறையும் பராமரிப்புக் குறையும் வந்துச்சு. பதில்ல ரெண்டையும் எழுதுங்க. பருவநிலை மாற்றத்து மேல மட்டும் பழி போட்டா பொறுப்பாளிங்க தப்பிச்சிடுவாங்க.

நார்வேக்கு வடக்க இருக்குற ஸ்வால்பார்டு தீவுக்கூட்டம் இந்தியாவோட நேரடி தொடர்பு இருக்குற இடம், அதனால கட்டாயம் படிங்க. அங்க இருக்குற பெரிய ஊரு லாங்யிர்பியன், நிலக்கரிக்காகவே உருவானது. 2023ல நிலக்கரி மின்நிலையத்த மூடிட்டாங்க, 2025ல அங்க கடைசியா ஓடுன நார்வே சுரங்கமும் மூடியாச்சு. இப்ப டூரிஸமும் ஆராய்ச்சியும்தான் சோறு போடுது. 2015 டிசம்பர்ல பனிச்சரிவு வந்து 11 வீட்ட தள்ளிட்டுப் போய் ரெண்டு பேர் இறந்தாங்க, அதுக்கப்புறம் மலையடிவாரத்துல இருந்த வீடுகள காலி பண்ணி வேற இடத்துல கட்ட வேண்டியதாச்சு. அதே தீவுக்கூட்டத்துல நீ-ஆலசுண்டுன்னு ஒரு சின்ன ஊரு, 1962ல சுரங்க விபத்துல 21 பேர் செத்தாங்க, நார்வே அரசாங்கமே ஆட்டம் கண்டுச்சு, சுரங்கத்த மூடிட்டு பிற்பாடு ஆராய்ச்சி ஊரா மாத்துனாங்க. நம்ம இந்தியாவோட ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008ல இருந்து அங்கதான் இருக்கு. சுரங்கப் பொருளாதாரம் போய் அறிவியல் பொருளாதாரம் வந்த இடத்துலதான் இந்தியா உக்காந்திருக்குன்னு ஒரு வரி எழுதுங்க, 2018 மாதிரி கேள்விக்கு அது ரொம்ப உதவும்.

டென்மார்க்குக்கு உட்பட்டு சுயாட்சி நடத்துற கிரீன்லாந்து பத்தி இப்ப நியூஸ்ல நிறைய வருது, எல்லாம் ரேர் எர்த் (அரிய கனிமம்), அமெரிக்கான்னே ஓடுது. ஆனா அங்க இருக்குறது சுமார் 56,000 பேர், ஏற்றுமதியில 90 சதவீதத்துக்கு மேல மீனும் இறாலும், அரசாங்க செலவுல பாதி கிட்ட டென்மார்க் குடுக்குற மானியத்துலதான் ஓடுது. இத வெச்சுத்தான் அங்க எந்த முடிவையும் புரிஞ்சுக்க முடியும். கடல் சூடாகி 2011ல இருந்து கானாங்கெளுத்தி பிடிக்க ஆரம்பிச்சாங்க, சில வருஷத்துலயே பெரிய வருமானமாச்சு. அதே நேரம் கடல்பனி மெலிஞ்சு நாய் வண்டியில போய் மீன் பிடிக்கிறது கொறைஞ்சுக்கிட்டே வருது. 2021ல யுரேனியம் கலந்த சுரங்கத் திட்டம் வேணாம்னு சொன்ன கட்சிய மக்கள் ஜெயிக்க வெச்சாங்க, அதே வருஷம் புது எண்ணெய் தேடலையும் நிறுத்துனாங்க. பணம் இல்லாத ஊரு, தனி நாடாகணும்னு ஆசைப்படுற ஊரு, அவங்களே வேணாம்னு முடிவெடுத்தாங்க. வளர்ச்சிய பனி மட்டும் முடிவு பண்றதில்ல, அந்த மக்கள் ஓட்டும் பண்ணுதுன்னு இத விட தெளிவா எது காட்டும்?

விலையும் அப்படித்தான். ஆர்க்டிக்ல உலகத்துல இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெயில 13 சதவீதம், எரிவாயுவுல 30 சதவீதம் இருக்கலாம்னு 2008ல அமெரிக்க புவியியல் ஆய்வு மையம் மதிப்பிட்டுச்சு, இத எல்லாரும் மனப்பாடம் பண்றாங்க. ஆனா ஷெல் கம்பெனி சுமார் 7 பில்லியன் டாலர் செலவு பண்ணிட்டு 2015ல அலாஸ்காவுக்கு வடமேற்குல இருக்குற சுக்சி கடல விட்டு வெளியேறுச்சே, அதையும் சேத்து எழுதுங்க. கிணத்துல எதிர்பார்த்த அளவு கிடைக்கல, எண்ணெய் விலையும் விழுந்துருந்துச்சு. ரஷ்யாவோட வட கரையோரமா போற கப்பல் பாதையும் (Northern Sea Route) அதே கதைதான், ராட்டர்டாம்ல இருந்து யோகோஹாமாவுக்கு சூயஸ விட மூணுல ஒரு பங்குக்கு மேல தூரம் மிச்சம், ஆனா 2024ல 80 மில்லியன் டன்னுன்னு ரஷ்யா வெச்ச இலக்குல பாதி கூட வரல, போனதும் பெரும்பாலும் ரஷ்யாவோட சொந்த எண்ணெய் எரிவாயுதான். அந்தப் பாதைய நிர்வாகம் பண்ற ரஷ்ய அரசு அணுசக்தி நிறுவனம் ரோசாட்டம்தான் நம்ம கூடங்குளத்துலயும் இருக்கு, சென்னை–விளாடிவாஸ்டாக் கடல்வழி பேச்சும் 2019ல இருந்து நடக்குது, இந்தியா கேள்வி வந்தா இது ரெண்டும் கைவசம் இருக்கட்டும். கூடவே 1920 ஸ்வால்பார்டு ஒப்பந்தம், 2013ல ஆர்க்டிக் கவுன்சில்ல இந்தியா பார்வையாளர் ஆனது, 2022ல வந்த இந்தியாவோட ஆர்க்டிக் கொள்கை இதையும் சேத்துக்கோங்க.

அண்டார்டிகாவ இதோட குழப்பாதீங்க. அங்க ஊரும் இல்ல, பூர்வகுடியும் இல்ல, 1959 அண்டார்டிகா ஒப்பந்தம் இருக்கு, 1991 மாட்ரிட் புரோட்டோகால் சுரங்கத்த தடை பண்ணியிருக்கு. 2048ல அந்தத் தடை முடிஞ்சிடும்னு நிறைய நோட்ஸ்ல இருக்கு, அது தப்பு, 2048க்கு அப்புறம் மறுபரிசீலனை மாநாடு கேக்கலாம், அவ்வளவுதான். அங்க பொருளாதாரம்னா கிரில் (இறால் மாதிரி சின்ன கடலுயிரி) பிடிக்கிறதும் டூரிஸமும் ஆராய்ச்சியும்.

எழுதுற முறைய பத்தி. வட துருவத்த நடுவுல வெச்ச மேப் ஒன்ன ரெண்டு நிமிஷத்துக்குள்ள போட பழகுங்க, அதுல யமால், நோரில்ஸ்க், ஸ்வால்பார்டு, நூக் (கிரீன்லாந்து தலைநகர்), புருடோ பே (அலாஸ்கா எண்ணெய் வயல்) இவ்வளவு போதும். 150 வார்த்தை பதிலுக்கு ஒரே ஒரு இடம் ஆழமா, இன்னொன்னு தொட்டுட்டு போற மாதிரி. 250னா மூணு. ஒவ்வொரு இடத்துக்கும் முதல்ல என்ன மாறுச்சு, அதனால யாருக்கு வருமானம் வந்துச்சு, யாருக்குப் போச்சு, யார் முடிவு பண்ணாங்கன்னு இந்த வரிசையில எழுதுனா பதில் தானா ஓடும், பாயின்ட் பாயின்ட்டா தேட வேண்டியதில்ல.

பயிற்சிக்கு இந்த வாரம் இத எழுதிப் பாருங்க: ‘கடல்பனி குறைவது ஆர்க்டிக் மக்களின் வளர்ச்சிக்கு எந்த அளவு உதவுகிறது?’ 250 வார்த்தை, பனிக்கரடின்னு ஒரு வார்த்தை வராம.