வளவு அறையில் இரண்டு இரவுகள்

17.01.2025, வெள்ளி
காரைக்குடியிலிருந்து ஆட்டோவில் கானாடுகாத்தான் வந்து சேர மாலையாகிவிட்டது. ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீண்டு கிடக்கும் நகரத்தார் வீடொன்றைப் பழுதுபார்த்துக் கலை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். முகப்பில் பழைய சாவிகளைக் கம்பியில் கோத்துத் தோரணமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுகூட இந்த வீட்டுப் பூட்டுக்குச் சேராது என்று மேலாளர் சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

எனக்குக் கிடைத்தது ‘தட்டு அறை’. சுவர் முழுவதும் எனாமல் தட்டுகளைப் பதித்திருக்கிறார்கள். பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த சாமான்களில் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிப்பது இங்குள்ள வழக்கம் என்பதால் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த இரண்டு தட்டிலும் ஒரே எழுத்துகள் இல்லை. அறையோ மிகச் சிறியது. மணமான மகன் ஒவ்வொருவருக்கும் வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றி ஓர் அறை என்பது உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் சீர்ச்சாமானை வைத்துப் பூட்டுவதற்கான அறை. காற்று வாங்கிப் படுக்க முகப்பும் பட்டாலை என்கிற கூடமும் இருந்தன. பாத்திரங்களுக்குக் கட்டிய இடத்தில் இன்றிரவு நான் படுத்திருக்கிறேன்.

18.01.2025, சனி
வெந்நீர் வரவில்லை. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்டினியும் வந்ததால் சண்டை போடவில்லை.

பிறகு தரைக்கல் செய்வதைப் பார்க்க ஆத்தங்குடிக்குப் போனேன். கண்ணாடிச் சதுரத்தின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களுக்குள் வண்ணச் சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியபின் உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, மேலே ஈரக் கலவையை அடைத்து, இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். சூளைக்கு இதில் வேலையே இல்லை. கல்லுக்குப் பளபளப்பைத் தருவது அடியில் இருந்த அந்தக் கண்ணாடிதான்.

திரும்பி வந்து வளவில் செருப்பில்லாமல் நடந்தபோது, விடுதியின் சிறந்த கலைப்பொருளை எல்லோரும் மிதித்துக்கொண்டு போகிறோம் என்று தோன்றியது. அதே பூக்கோலத்தை யாரோ ஓர் ஓவியர் குளியலறைச் சுவரில் வண்ணத்தால் வரைந்திருக்கிறார். அது இப்போதே உரிகிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய சுண்ணாம்புப் பூச்சில் கன்னம் வைத்தால் இன்னமும் சில்லென்றிருக்கிறது.

19.01.2025, ஞாயிறு
பட்டாலைச் சுவரில், தலைப்பாகையும் கடுக்கனுமாகப் பதினொரு பெரியவர்களின் நிழற்படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபின் அங்கே கொண்டுவிற்ற (வணிகம் செய்த) இடத்தையும் முதலையும் விட்டு வந்தவர்களில் இவர்களும் இருப்பார்களோ என்று நானாக ஒரு கதையே கட்டிவைத்திருந்தேன். கேட்டால், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சட்டத்தின் அழகுக்காக வாங்கியவையாம்.

கிளம்பும் நேரத்தில் மதுரையிலிருந்து வயதான ஆச்சி ஒருவர் வந்தார். வீட்டைப் பங்காளிகள் குத்தகைக்குத்தான் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் கட்டில் ஓர் அறை மட்டும் முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் படைப்புக்காக அவர்களிடமே இருக்கிறது. பட்டாலையில் நின்று படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இவுகள்லாம் யாரு?” என்று கேட்டார். மேலாளர் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே ஆச்சி சுருக்குப்பையிலிருந்து சாவியை எடுத்து உள்ளே போய்விட்டார். திறந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன்: மரப்பெட்டி ஒன்று, குத்துவிளக்கு, அதற்கு மேலே மாலை காய்ந்த ஒரே ஒரு படம். பெட்டியைத் துடைத்து, விளக்கேற்றி, அது அணையும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார்.