தலைக்குள் சுண்ணாம்பு

பிப்ரவரி 9
சி.டி. ஸ்கேன் எடுத்தாச்சு. வெளியே வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இப்ப வெத்தலை போடலாமா?"

பிப்ரவரி 10
ஃபிலிமை ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மண்டையோடு வெள்ளை. இடப்பக்கம் அதை ஒட்டினாற்போல் சாம்பல் நிறத்தில் கட்டி. கட்டிக்குள்ளேயும் அதே எலும்பு வெள்ளை, ரவை சிந்தின மாதிரி. தலைக்கு நடுவில் தனியாக இன்னொரு வெள்ளைப் புள்ளி. ரிப்போர்ட்டில் 'மெனிஞ்சியோமா', அதாவது மூளையுறையில் வரும் கட்டி. பக்கத்தில் 'கால்சிஃபிகேஷன்', சுண்ணாம்பு படிந்திருப்பது.

மூணு வருஷமாக கால்சியம் மாத்திரை வாங்கித் தந்தது நான்தான். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

பிப்ரவரி 11
தூக்கமில்லை. அந்த நடுப்புள்ளி.

பிப்ரவரி 13
பெரியம்மா போன். "அத்தனை சுண்ணாம்பு தின்னா எங்க போகும்? தலைக்குத்தான் ஏறும்." அம்மா போனைப் பிடுங்கி, "அப்ப நீ தின்ன அல்வாவெல்லாம் எங்கக்கா போச்சு?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரை டப்பாவைப் பரணில் போட்டேன்.

பிப்ரவரி 17
டாக்டரிடம் கேட்டே விட்டேன், மாத்திரையாலா என்று. இல்லையாம். ரத்தத்தில் கால்சியம் 9.4, சரியான அளவு. சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார். மூளையைச் சுற்றிய உறையின் செல்கள் சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்கின்றன. சுருளின் நடுவில் இருப்பவை சாகின்றன. உயிரோடு இருக்கும் செல் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், செத்ததால் முடியாது. உள்ளே புகுந்த கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாகிறது. எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே சரக்கு. அதன்மேல் இன்னொரு வளையம், அதன்மேல் இன்னொன்று. மைக்ரோஸ்கோப்பில் வெட்டின வெங்காயம் மாதிரி இருக்குமாம். பெயர் 'சாமோமா'; கிரேக்கத்தில் 'சாமோஸ்' என்றால் மணல். அம்மாவுக்கு அதுதானா என்பது கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

நடுப்புள்ளி? மூளை நடுவில் இருக்கும் பீனியல் சுரப்பியில் படிந்த சுண்ணாம்பு, சகஜம்தானாம். "அது எனக்கும் இருக்கும்மா" என்றார். ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20
எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த ரவையைக் காணோம்! கரைந்துவிட்டதோ என்று அரைமணி நேரம் சந்தோஷம். எம்.ஆர்.ஐ.யில் சுண்ணாம்பு பெரும்பாலும் கருப்பாகத்தான் விழும், அதைப் பார்க்க சி.டி.தான் என்றார் அங்கிருந்த தம்பி.

வெளியே பெஞ்சில் ஒரு பையன், முப்பது இருக்கும். வலிப்பு வந்து கண்டுபிடித்தார்களாம். 'ஒலிகோடென்ட்ரோகிளியோமா', மூளைக்குள்ளேயே வரும் வேறு வகைக் கட்டி. அவன் கட்டியிலும் கால்சியம். அந்த வகையில் அது ரொம்ப சகஜமாம், பொடி ரத்தக்குழாய்களின் சுவரில்கூடப் படியுமாம். அவன் அப்பா என்னிடம், "சுண்ணாம்பு இருந்தா நல்லதுதானே?" என்றார். மெனிஞ்சியோமாவில் சுண்ணாம்பு இருந்தால் கட்டி மெதுவாக வளரும் என்பார்கள். அவருக்கு என்ன சொல்ல? தலையாட்டினேன்.

பிப்ரவரி 24
இப்போது ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசம் கழித்து மறுபடி ஸ்கேன்.

பிப்ரவரி 25
பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். உடனே கொடுக்கவில்லை. ரத்த ரிப்போர்ட்டை இன்னொரு தரம் பார்த்தேன். 9.4.

மார்ச் 3
மத்தியானம் அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கும்போது டப்பி கை நழுவியது. வலது கை. "எண்ணெய்க் கை" என்றாள்.

மார்ச் 4
மறுபடியும் நழுவியது. இன்று எண்ணெய் தொடவே இல்லை.