நாச்சியார் பார்க்காத மரங்கள்

வேலு நாச்சியாரைப் பற்றிய ஒரு சின்ன பட்ஜெட் படத்தில் கலைத்துறை உதவியாளராக வேலை பார்த்தேன். சரித்திரப் படம் என்றால் கோட்டை, யானை, ஆயிரம் பேர் மோதும் போர் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. எங்களிடம் இருந்தது இரண்டு குதிரை, மரத்தில் செய்த துப்பாக்கிகள், எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரி கொஞ்சம். அதனால் இயக்குநர் போரைச் சுருக்கிவிட்டு, அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளைக் கையில் எடுத்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சியில் பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் நாச்சியார் இருந்த காலம் அது. 1780இல் அவர் சிவகங்கையை மீட்டது ஊரறிந்த கதை. நாட்டை இழந்து, அடுத்தவர் பாளையத்தில் இருந்துகொண்டே ஆள் சேர்த்தாரே, அதுதான் எனக்குப் பெரிய வீரமாகப் படுகிறது.

விருப்பாட்சி பழனி மலையடிவாரத்தில் இருக்கிறது. மலைக்காட்சிகளுக்காக மேலே தாண்டிக்குடி பக்கம் போனோம். காப்புக்காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், செலவும் ஆகும். சரி, பட்டா நிலமாகப் பார்ப்போம் என்று இறங்கினால் அங்கே வேறு தலைவலி. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காபிச் செடி, அதற்கு நிழலாகச் சில்வர் ஓக். சில்வர் ஓக்கும் தைலமரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. வேலியோரம் பூத்துக் கிடக்கும் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி, பந்தலில் தொங்கும் சௌசௌவும் அப்படியே. 1796இல் இறந்த நாச்சியார் இவற்றில் ஒன்றையும் இந்த மலையில் பார்த்திருக்க முடியாது. கொடைக்கானல் ஊரே 1845இல்தான் உருவானது.

பின்னணியை மங்கலாக்கிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார் கேமராமேன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வரிசையாக நட்ட மரம் எவ்வளவு மங்கினாலும் எஸ்டேட்டாகத்தான் தெரியும்.

வழி சொன்னது காபி பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. “பழைய மரம் வேணும்னா கோயில்காட்டுக்குப் போங்க தம்பி. அங்க யாரும் கத்தி வைக்க மாட்டாங்க. செருப்பைக் கழட்டிட்டுப் போகணும்.” ஊர்ப் பெரியவர்களைக் கேட்டோம். உள்ளே வேண்டாம், ஓரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதுவே எங்களுக்குப் போதும். அடிமரம் முழுக்கப் பாசி, பாறையைக் கவ்விய வேர்கள். படைப்பெண்களாக நடித்தவர்கள் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள். அட்டை கடித்தால் உப்பைத் தேய்த்து உதிர்த்துவிட்டு மறுபடி வரிசைக்கு வந்துவிடுவார்கள். ஈர மேட்டில் கட்டைவிரலை ஊன்றி அவர்கள் ஏறுவதைப் பார்த்துத்தான், சென்னையிலிருந்து வந்த நடிகர்கள் தங்கள் நடையை மாற்றினார்கள்.

மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கு, நாச்சியாரின் அமைச்சர் தாண்டவராய பிள்ளை எழுதிய கடிதத்தில் 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் கேட்டதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அந்தக் கடிதக் காட்சியையும் அங்கேயே எடுத்தோம். எங்கள் இரண்டு குதிரைகளையும் இயக்குநர் அன்றைக்குக் கீழேயே கட்டிவைக்கச் சொல்லிவிட்டார். கேட்ட படை இன்னும் வரவில்லை, அது வரும்வரை இந்தப் பெண்களை வைத்தே நாச்சியார் தாக்குப்பிடிக்க வேண்டும், அதுதான் காட்சி என்றார்.