மூடியது மஞ்சளை, மறைந்தது செம்மஞ்சள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் வாசிகசாலைக்கு இணையத்தளம் செய்து கொடுத்தேன். மாலை வகுப்பு, பஸ், தண்ணீர் அறிவித்தல்களோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் பக்கத்தின் உச்சியில் ஒரு பட்டையாகத் தெரிய வேண்டும். மஞ்சள் வந்தால் விழிப்பாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் வந்தால் வெளியேறத் தயாராக வேண்டும், சிவப்பு வந்தால் வெளியேறியே ஆக வேண்டும். மண்சரிவில் லயங்களே புதைந்துபோன மீரியபெத்தைக்குப் பிறகு இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இணையத்தளம் செய்ய உதவும் பூட்ஸ்ட்ராப் என்ற கருவித்தொகுப்பிலிருந்து அலர்ட் என்ற அறிவிப்புப் பட்டையை எடுத்து, மூடுவதற்கு ஒரு பட்டனும் வைத்தேன். ஒரு மாலையில் முடிந்த வேலை.

மூடினாலும் அடுத்த பக்கத்தில் பட்டை திரும்ப வருகிறதே என்று பிள்ளைகள் சலித்துக்கொண்டார்கள். சரி, மூடியது போனிலேயே நினைவிருக்கட்டும் என்று பிரவுசரின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் ‘மூடியாச்சு’ என்று ஒரே ஒரு குறிப்பு எழுதவைத்தேன். எந்த எச்சரிக்கையை மூடினார்கள் என்பதை எழுதவில்லை. என் பிழை அங்கேதான்.

மழை விடாமல் கொட்டிய ஒரு வாரம். மஞ்சள் செம்மஞ்சளானது. உடனே தளத்தில் மாற்றினேன், என் போனில் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் மேல் லயத்து அக்கா ஒருவர், “ஒன்னுமே வரல தம்பி. காலையில இருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்றார். முதல் நாள் மஞ்சளை மூடியவர் அவர். அன்றிரவு தலைவர் கதவு கதவாகத் தட்டிச் சொன்னதால்தான் அவர்கள் துணிமணியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அரை நாள் லீவு போட்டு பஸ் ஏறிப் போய் அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். பிரவுசரில் சேமித்ததையெல்லாம் அழித்தேன், பட்டை வந்துவிட்டது. பழைய பக்கம் தங்கியிருந்திருக்கிறது என்று முடிவு கட்டித் திரும்பி வந்தேன். அழித்ததில் அந்த ‘மூடியாச்சு’ குறிப்பும் சேர்ந்து போயிருந்ததை நான் யோசிக்கவில்லை. இரண்டு நாளில் இன்னொருவர் அதே முறைப்பாட்டோடு வந்தார். இப்படி ஏதாவது வந்தால் எதையும் அழிக்காதீர்கள். முதலில் உள்ளே என்ன சேமித்திருக்கிறது என்று திறந்து பாருங்கள்.

இப்போது ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் தனி இலக்கம். மூடினால் அந்த இலக்கம் மட்டும்தான் நினைவில் நிற்கும். நிறம் மாறினால் இலக்கமும் மாறும். சிவப்புக்கு மூடும் பட்டனே இல்லை. சில நொடியில் தானாக மறைகிற வசதியையும் எடுத்துவிட்டேன், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பாட்டிக்கு ஐந்து நொடி போதாது.

அப்புறம் எங்கள் டீச்சர். அவருக்குப் பார்வை இல்லை, கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை வைத்து, திரையில் இருப்பதைக் கேட்கிறவர். இது அவசர அறிவிப்பு என்று திரைவாசிப்பானுக்குச் சொல்ல, பட்டையின் நிரலில் அலர்ட் என்ற ரோல் போட்டிருந்தேன், ஆனாலும் என்விடிஏ வாயே திறக்கவில்லை. பக்கம் திறக்கும்போதே எழுத்து உள்ளே இருந்தால் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதை அறிவிக்காது. வெற்றுப் பெட்டியை முதலில் வைத்து, பக்கம் வந்த பிறகு எழுத்தை உள்ளே போட வேண்டும். அதைச் செய்ததும் எதிர்ப்பக்கமாகப் போயிற்று. நிமிடத்துக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்டு, செய்தி மாறாவிட்டாலும் பட்டையைப் புதிதாக வரைந்துகொண்டிருந்தேன். அவர் பாடக்குறிப்பு கேட்கும்போதெல்லாம் எச்சரிக்கை குறுக்கே புகுந்தது. இலக்கம் மாறினால் மட்டும் வரை என்றதும் அடங்கியது. வகுப்பு, பஸ் செய்திகளை ஸ்டேட்டஸ் என்ற ரோலுக்கு மாற்றினேன், அது வாசிப்பை இடைமறிக்காமல் காத்திருந்து சொல்லும். அலர்ட்டை எச்சரிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கம் எந்த மொழியில் என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறிப்பு ஆங்கிலம் என்றே பழைய டெம்பிளேட்டில் கிடந்ததையும் அப்போதுதான் கண்டேன். அதைத் தமிழாக்கினேன். மஞ்சள் மேல் இருந்த வெள்ளை எழுத்தைக் கறுப்பாக்கினேன். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும். நிறத்தின் பெயரையும் செய்ய வேண்டியதையும் சொல்லாகவே எழுதினேன், பழைய போன் திரையில் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

போன சனிக்கிழமை டீச்சர் வீட்டில் ஒரு பரீட்சார்த்தச் செய்தி போட்டுப் பார்த்தோம். “செம்மஞ்சள் எச்சரிக்கை. வெளியேறத் தயாராகுங்கள்” என்று தமிழில், ஒரே தடவை வாசித்து நிறுத்தியது. “இது போதும்பா” என்றார் டீச்சர்.