ஆஸ்பத்திரிக்கும் வாடகை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஏயர் என்றொரு சிற்றூர். பாஸ்டனுக்கு ரயில் உண்டு, வாடகையும் பாஸ்டன் அளவுக்கு இல்லை என்பதால் 2022 மார்ச்சில் அங்கே குடிபோனோம். வீடு பார்க்கப் போனபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதுதான். பையனுக்கு மூன்று வயது, குளிர் பட்டால் வீசிங் வந்துவிடும். இரண்டு மைலில் நஷோபா வேலி மருத்துவமனை இருந்தது. அதை நம்பித்தான் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம்.

முதல் குளிர்காலத்திலேயே நள்ளிரவில் இரண்டு முறை அங்கே ஓடினோம். மீன் மூஞ்சி போட்ட நெபுலைசர் மாஸ்க்கைப் பார்த்ததும் பையன் அழுகையை நிறுத்திவிட்டான். முன்பணம் கட்டு என்று யாரும் கேட்கவில்லை. அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசு பார்க்காமல் கவனித்தே ஆகவேண்டும் என்று 1986 முதல் இங்கே சட்டம். ஆகா, எப்பேர்ப்பட்ட நாடு என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துத் தபால் வந்தது. மாதப் பிரீமியம் குறைவு என்று நான் தேர்ந்தெடுத்த திட்டத்தில், வருடத்தின் முதல் 4,000 டாலர் என் கையிலிருந்துதான் போகவேண்டும். டிடக்டிபிள் என்றால் என்னவென்று அன்றுதான் நிஜமாகப் புரிந்தது. சரி, தப்பு நம்முடையது, அடுத்த வருடம் திட்டத்தை மாற்றிக்கொண்டேன்.

எப்படி மாற்றினாலும் காப்பீடு வேலையோடு கட்டியதுதான். 2023-இல் நண்பர் ஒருவருக்கு வேலை போனது. ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு அடுத்த வேலை தேட 60 நாள் அவகாசம். அதுவரை பழைய காப்பீட்டைத் தொடர கோப்ரா என்றொரு வழி உண்டு, பெயருக்கேற்றபடி கொத்தும். கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியம், அதற்கு மேல் 2 சதவீதம் வரை, நாமே கட்டவேண்டும். அவர் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். சம்பளம் நின்ற மாதத்தில்தான் அந்தப் பணத்தைப் புரட்டினார்கள்.

2024 ஜூலை கடைசியில், ஆஸ்பத்திரியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மூடுவதற்கு 120 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும் என்பது மாநில விதி. ஐந்தே வாரத்தில், ஆகஸ்ட் 31 அன்று, மூடிவிட்டார்கள். அதே நாளில் பாஸ்டனின் டார்செஸ்டரில் இருந்த கார்னி மருத்துவமனையும் போனது.

அன்றிரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் மன்னார்குடியில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர். ஆஸ்பத்திரி மேல் அக்கறை இருந்தாலும், முதலில் அவர் கேட்டது "இடம் யார் பேர்ல இருக்கு?" என்றுதான்.

அப்புறம் படித்துப் பார்த்தேன். நியூயார்க்கின் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2010-இல் பாஸ்டன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் மருத்துவமனைகளை வாங்கி, ஸ்டுவர்ட் என்று பெயர் வைத்தது. எங்கள் ஊர் மருத்துவமனை அடுத்த வருடம் அதில் சேர்ந்தது. 2016-இல் ஸ்டுவர்ட் தன் மாசசூசெட்ஸ் மருத்துவமனைகளின் நிலத்தையும் கட்டடங்களையும், அலபாமாவில் இருக்கும் மெடிக்கல் ப்ராப்பர்ட்டீஸ் ட்ரஸ்ட்டுக்கு விற்றது. பெயர்தான் ட்ரஸ்ட், தர்ம ஸ்தாபனம் இல்லை; மருத்துவமனைக் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு நிறுவனம். மொத்த ஒப்பந்தம் ஏறக்குறைய 125 கோடி டாலர். விற்ற இடத்திலேயே வாடகைக்கு உட்கார்ந்துகொண்டது. வந்த பணத்தில் ஒரு பகுதி முதலீட்டாளர்களுக்கு லாபப் பங்காகப் போனது, ஒரு பகுதி வேறு மாநிலங்களில் மருத்துவமனை வாங்கப் போனது. 2020-இல் செர்பெரஸ் வெளியேறிவிட்டது. வாடகை மட்டும் மருத்துவமனைகளின் தலையில் நின்றது. 2024 மே மாதம் ஸ்டுவர்ட் திவால் மனு போட்டது.

அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "கிரயம் பண்ணிக் குடுத்துட்டு அதே வீட்ல வாடகைக்கு இருக்கறதா? கடன்ல முழுகினவன் கடைசியாப் பண்ற வேலைடா அது. இவங்க முழுகறதுக்கு முன்னாடியே பண்ணிட்டாங்களே" என்றார். பொருளாதாரப் பத்திரிகைகளில் நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

ஸ்டுவர்ட்டின் தலைவர் செனட் விசாரணைக்கு வரமாட்டேன் என்றதால் அவர்மீது அவமதிப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரியில் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: பிரதான வளாகத்தின் நிலத்தை இப்படிப்பட்ட ட்ரஸ்ட்டிடம் வாடகைக்கு எடுத்தால் இனிப் புதிதாக உரிமம் கிடையாது. நல்லதுதான். எங்கள் ஊர்க் கட்டடத்தின் விளக்கு அணைந்த பிறகு வந்த நல்லது.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு விடியற்காலை மனைவிக்கு விலாவில் தாங்கமுடியாத வலி. சிறுநீரகக் கல். வெளியே பனி, கார் எடுக்கப் பயம், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். 108-க்குப் பழகிய புத்தி, அதற்கும் பில் வரும் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரியின் இருட்டு வாசலைத் தாண்டித்தான் வண்டி போனது. வலியிலும் அவள் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள்.

கல் கரைந்து வெளியேறிவிட்டது. நம் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவர் அவசரப் பிரிவில் பார்த்தால் அதிகப்படி பில் அனுப்பக்கூடாது என்று 2022 முதல் மத்திய சட்டம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் கூட அதில் அடக்கம், சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் அடக்கமில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பில்லை வரி வரியாகப் படித்துக் காட்டச் சொன்னார் அப்பா. அடிப்படைக் கட்டணம், ஆக்சிஜன், பிறகு மைலுக்கு இவ்வளவு என்று 14 மைல்.

"அந்த ஆஸ்பத்திரி இருந்திருந்தா?"

"ரெண்டு மைல்ப்பா."

மறுமுனையில் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. பழக்கம் விடவில்லை, கணக்குப் போடுகிறார். வித்தியாசத்தைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னார். யாரிடம் காட்டுவது என்று நான் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களிடம் பேசி மாதம் 90 டாலராகத் தவணை வாங்கியிருக்கிறேன். இன்னும் ஐந்து பாக்கி.