ஒரு வாரத்துக்குக் கட்டிய அறைகள்

இங்கிலாந்தின் பிளாக்பூலில் மூன்று வருடம் வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றும் நர்ஸாக இருந்தேன். 1894-ல் திறந்த 158 மீட்டர் கோபுரமும் டிராமும் கடற்கரைச் சாலையில். என் வேலை அதற்கு இரண்டு தெரு பின்னால்.

அங்கே ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளெல்லாம் ஒரு காலத்தில் உல்லாசப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விட்டவை. கதவில் பித்தளை எண் இன்னும் இருக்கும். உள்ளே ஒரு கட்டில், மூலையில் முகம் கழுவும் தொட்டி, அவ்வளவுதான். நான் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் கட்டுப் பிரிப்பேன். காலில் புண் உள்ளவரிடம் "காலைத் தூக்கி வைத்து உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால், இன்னொரு நாற்காலி போட இடமிருக்காது.

ஏன் இவ்வளவு சின்ன அறை என்று புரியவைத்தவர், முன்பு அப்படியொரு வீட்டை நடத்திய பாட்டி ஒருவர். என் பெயர் அவர் வாயில் நுழையவில்லை; நம் ஊர் 'கண்ணு' மாதிரி 'லவ்' என்றே கூப்பிடுவார். 1846-ல் ரயில் வந்த பிறகு சுற்றியுள்ள லங்காஷயர் வட்டாரத்துப் பஞ்சாலை ஊர்கள் இங்கே படையெடுத்தன. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு 'வேக்ஸ்' வாரம். அந்த வாரம் ஆலைகள் மூடும், ஊரே கிளம்பி வரும். சம்பளத்தோடு விடுமுறை என்பதற்குச் சட்டம் வந்ததே 1938-ல்தான். அதற்கு முன் வாரா வாரம் சீட்டுக் கட்டுவதுபோல் காசு சேர்த்து வந்திருக்கிறார்கள். பாட்டியின் அம்மா காலத்தில் விருந்தாளிகளே கறியும் காய்கறியும் வாங்கி வந்து கொடுப்பார்களாம். இவர்கள் சமைத்துப் போடுவார்களாம். மேசையில் வைக்கும் உப்பு, மிளகுக் குப்பிக்குத் தனிக் கட்டணம்! காலைச் சாப்பாடு முடிந்ததும் மழையோ வெயிலோ வெளியே போய்விட வேண்டும். அறை தூங்குவதற்கு மட்டும்.

அறுபதுகள், எழுபதுகளில் ஸ்பெயினுக்கு மலிவு விமானப் பயணம் வந்து ஊரைக் கெடுத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. சேர்ந்து கிளம்பிவர அந்த ஆலைகளும் இல்லாமல் போயின. லங்காஷயரின் துணிச் சந்தையைப் பறித்ததில் இந்திய ஆலைகளுக்கும் பங்கு உண்டு. என் அப்பா கோயம்புத்தூரில் ஆலைத் தொழிலாளி. அவருடைய ஆலையும் இப்போது இல்லை. பாட்டியிடம் இதை நான் சொல்லவில்லை.

காலியான வீடுகளை ஒற்றை அறைகளாகப் பிரித்து விட்டார்கள். வசதியில்லாதவர்களின் வாடகைக்கு அரசு உதவித்தொகை வருவதால் அறைக்கு ஆள் கிடைக்கும். "சின்ன வயதில் இங்கே ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன், அதான் வந்துட்டேன்" என்றார் ஒருவர், வயது ஐம்பதுகூட இருக்காது, நுரையீரல் போய்விட்டது. ஆண்களின் சராசரி ஆயுள் இங்கிலாந்திலேயே மிகக் குறைவான ஊர்களில் இது ஒன்று.

கூட்டம் அடியோடு நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1879-ல் 'ஆர்க்' எனும் அந்தக் கால மின்விளக்குகள் எட்டில் தொடங்கிய விளக்குத் திருவிழாவுக்கு இலையுதிர் காலத்தில் இன்றும் கார்கள் வரிசை கட்டும். அந்த மாதங்களில் பத்து நிமிட வழிக்கு எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், திட்டிக்கொண்டே போவேன்.

பாட்டிக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியபோது அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அதுவும் பழைய விடுதிதான். சனிக்கிழமை போனால் பரபரப்பாக இருப்பார். ஒரு கூட்டம் போய் அடுத்த கூட்டம் வரும் நாள் அதுதானே. ஒரு ஜூலையில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே என் கையைத் தட்டிவிட்டார்.

"கிளாஸ்கோக்காரங்க மத்தியானம் வந்துடுவாங்க, லவ். மேல விரிப்பெல்லாம் மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சு" என்றேன்.